தொரைக்குக் காது வலி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் குழம்பிப்போவீர்கள். இந்தக் கதையில் ஒரே பெயரில் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் எங்கள் தோட்டத்தை நிர்வாகம் செய்கிற துரை. மற்றது என் மதினி வளர்க்கிற முயல். அதன் பெயர் தொரை. எழுதும்போது மனிதரைத் துரை என்றும் முயலைத் தொரை என்றும் பிரித்து எழுதிவிடலாம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வாயால் சொல்லும்போது இரண்டும் ஒன்றுதான். வினை அங்கேதான் பிடித்தது.

தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்குப் போகிற பாதையில் ஏதோ ஒரு தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். துரை இன்னும் அங்கேதான் இருக்கிறார். நானும் அங்கேதான் முச்சக்கரவண்டி ஓட்டிப் பிழைக்கிறேன்.

மதினியின் பெயர் விஜயலெட்சுமி. என் பெரியப்பா மகன் மாரிசாமி அண்ணனின் மனைவி. அண்ணனுக்குத் தேயிலை பெக்டரியில் வேலை, மதினிக்கு மலையில் கொழுந்து எடுக்கிற வேலை. அவரைப்போல் சுத்தமாகக் கொழுந்து எடுக்க ஆளில்லை என்று நான் சொன்னால் சொந்தக்காரன் சொல்கிறான் என்பீர்கள். கணக்கப்பிள்ளையே சொல்லியிருக்கிறார், அவருக்கு யாரையும் புகழ்ந்து பழக்கமில்லை. மற்றவர்களின் கூடையைக் கொட்டிக் கிளறி முத்தல் இலையைப் பொறுக்கி எறிகிறவர், மதினியின் கூடையைக் கையால் தொடாமல் தராசில் வைத்துவிடுவார். என்னை மதினி ‘கொழுந்தனாரே’ என்றுதான் கூப்பிடுவார். எங்கள் தோட்டத்தில் கொழுந்துக்கு மரியாதை உண்டு, கொழுந்தனுக்கு அவ்வளவாகக் கிடையாது.

மதினிக்கு இடது காது கேட்காது. பிறவியிலேயே அப்படியில்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது காதில் சீழ் வைத்தது. யார் யாரோ வந்து பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றினார்கள். வலி நின்றது, கூடவே சத்தமும் நின்றுவிட்டது. அன்றிலிருந்து வலது காதை முன்னால் கொடுத்து, தலையை இடது பக்கம் சாய்த்தபடிதான் யாருடைய பேச்சையும் கேட்பார். பேசும்போது தன் குரலின் அளவு அவருக்கே தெரியாது. பக்கத்து மலைக்கும் சேர்த்துத்தான் பேசுவார்.

மாரிசாமி அண்ணன் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். வீட்டில் எப்போதும் மதினியின் இடது பக்கம்தான் முக்காலியைப் போட்டு உட்காருவார். குழம்பில் உப்புக் கூடிவிட்டதா, மதினியின் தம்பி வந்து வாரக்கணக்காகத் தங்கிவிட்டானா, எல்லாப் புகாரையும் அந்தப் பக்கத்திலிருந்தே முணுமுணுத்துத் தீர்த்துக்கொள்வார். “அந்தப் பக்கம் இருந்துதான்டா நான் குடும்பம் நடத்துறேன்” என்று என்னிடம் பெருமையாகச் சொல்லுவார். நானும் சிரித்திருக்கிறேன்.

முயலை வாங்கிவந்ததும் அண்ணன்தான், அதுவும் கறிக்கு. பதுளைச் சந்தையிலிருந்து ஒரு வெள்ளைக் குட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். கொஞ்சம் வளர்த்து, தீபாவளிக்கு அடுப்பில் ஏற்றுவதாகத் திட்டம். வந்த அன்றைக்கே அது வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் தாவி ஏறி, காதை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. இறக்கிவிட இறக்கிவிட மறுபடி ஏறியது. “வெள்ளையா இருக்கு, கதிரைய விட்டு எறங்கமாட்டேங்குது, தொரையேதான்” என்றார் மதினி. பெயர் வைத்தபிறகு எப்படிக் கறியாக்குவது? அந்தத் தீபாவளிக்கு அண்ணன் கோழி வாங்கினார். அடுத்த தீபாவளிக்கும் கோழிதான்.

பிள்ளைகள் இரண்டு பேரும் கொழும்பில் வேலைக்குப் போய்விட்டார்கள். அதன்பிறகு மதினி தொரையோடு பேசுவதுதான் அதிகம். மலையிலிருந்து வந்ததும் கூடையை இறக்குவதற்கு முன்னாலேயே “தொரை, சாப்டீங்களா?” என்பார். அது காதை ஆட்டும். அவ்வளவுதான் பதில், ஆனால் அண்ணனிடமிருந்து கிடைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, பெரட்டுக்குப் புறப்படுகிற நேரம். ஆள் கணக்கெடுப்புக்கு எல்லாரும் போய்க்கொண்டிருக்கிறார்கள், நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். மதினியின் குரல் லயம் முழுக்கக் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் தொரை நாற்காலிக்குக் கீழே விழுந்து கிடந்தது. தலை இடது பக்கம் முறுக்கிக்கொண்டு நின்றது. எழுந்திருக்கப் பார்க்கும், உருண்டு சுவரில் மோதும், மறுபடி எழுந்திருக்கப் பார்க்கும். கண்மணி இரண்டும் துடித்துக்கொண்டே இருந்தன. இடது காதுக்குள் மஞ்சளாக ஏதோ கட்டியிருந்தது, வாடையும் அடித்தது.

பக்கத்து வீட்டு ரெங்கம்மா அக்கா எட்டிப் பார்த்தார். “காத்துக் கறுப்பு அடிச்சிருக்கு” என்றார். பிறகு காதைப் பார்த்துவிட்டு, “இல்ல, சீழு. இரு, பூண்டு எண்ண காய்ச்சிட்டு வர்றேன்” என்று போய், சொன்னபடியே கரண்டியில் சூடாகக் கொண்டுவந்தார். நல்ல மனுஷி. யாருக்கு என்ன வந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்கிறவர். ஆனால் அந்தக் கரண்டியைக் கண்டதும் மதினியின் முகம் மாறிவிட்டது. முயலைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

“ஒரு சொட்டு ஊத்தக்கூடாது.”

“எதமா இருக்கும் விஜயா.”

“எதமாத்தான் இருந்துச்சு எனக்கும். இந்தக் காதுல ஊத்துனதுக்கப்புறம் எங்கம்மா கூப்புட்டது எனக்குக் கேக்கவே இல்ல. இதுக்கு அப்புடி ஆக விடமாட்டேன்.”

மதினி தன் காதைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ரெங்கம்மா அக்கா கரண்டியோடு அப்படியே நின்றார். அண்ணன் இடது பக்கமாகப் போய், “கிறுக்கு புடிச்சிருச்சு, மொசலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்” என்று முணுமுணுத்தார். மதினி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“கொழுந்தனாரே, வண்டிய எடுங்க. மாட்டாஸ்பத்திரிக்குப் போவோம்.”

“மதினி, பெரட்டு?”

“பெரட்டு நாளைக்கும் இருக்கும்.”

கொழுந்துக் கூடையில் பழைய சேலையை மடித்து வைத்து, அதற்குள் தொரையை வைத்து, கூடையை மடியில் இருத்திக்கொண்டார். வழி நெடுக மழை. பள்ளம் வரும்போதெல்லாம், “மெதுவா, மெதுவா” என்று என் முதுகில் தட்டினார். அவருடைய சொந்தப் பிரசவத்துக்கு நான் வண்டி ஓட்டியபோதுகூட இவ்வளவு அடி வாங்கவில்லை.

பதுளையில் மிருக வைத்தியரைப் பார்க்க ஆடும் நாயும் ஒரு கன்றுக்குட்டியும் காத்துக்கொண்டிருந்தன. நடுவில் கூடையோடு மதினி. டாக்டர் ஒரு இளம் பெண், ஜுமானா என்று பெயர். முயல்தானே என்று அலட்சியம் செய்யாமல், மேசையில் துணி விரித்து, காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். சீழைத் துடைத்து எடுத்தார்.

“உள் காதுல கிருமி போயிருக்கு அக்கா. உடம்ப நேரா நிப்பாட்டுறது அந்த இடந்தான். அதனாலதான் இது உருளுது. தல சுத்திக்கிட்டே இருக்கும் பாவம்.”

“பொழைக்குமா?”

“மருந்து விடாமக் குடுத்தாப் பொழைக்கலாம். ஆனா சீக்கிரம் சரியாகாது, வாரக்கணக்கா ஆகும். தல பழையபடி நேராகாமலும் போகலாம். நிறையப் பேரு பாதியில விட்டுருவாங்க.”

“பாதில விடுறதுக்கா மழையில வந்தேன்” என்றார் மதினி. ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. கன்றுக்குட்டி கூடத் திரும்பிப் பார்த்தது.

டாக்டர் சிரித்தார். ஊசி இல்லாத சிரிஞ்சில் மருந்தை எடுத்து, முன்பல்லுக்குப் பக்கவாட்டில் எப்படிச் செலுத்துவது என்று காட்டிக்கொடுத்தார். காலை, மத்தியானம், பொழுதுபட என்று வேளை தவறாமல் கொடுக்க வேண்டும், தானாகத் தின்னும்வரை கூழும் அப்படியே ஊட்ட வேண்டும். உருண்டு அடிபடாமல் இருக்கப் பெட்டிக்குள் துணியைச் சுருட்டி அண்டை கொடுக்க வேண்டும். மனிதருக்குக் கொடுக்கிற கேப்சூலை உடைத்துக் கொடுக்கவே கூடாது, அதில் சில முயலைக் கொன்றுவிடும். எண்ணெய் ஊற்றக் கூடாது. கடைசியாகச் சொன்னதற்கு மதினி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான்தான் கரண்டியோடு நின்ற மாதிரி.

“ரொம்ப முக்கியம் அக்கா, இதோட வயிறு நிக்கக்கூடாது. திங்காம, புழுக்க போடாம இருந்துச்சுன்னா உடனே வாங்க” என்றார் டாக்டர். மதினி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டார். கூடைக்குள் தொரையும் தலையைச் சாய்த்துக்கொண்டு கிடந்தது. இரண்டு தலையும் ஒரே பக்கம். டாக்டரும் அதைக் கவனித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

மறுநாள் மலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் அங்கே இல்லை. ஆளுக்கு ஒரு மாதிரிச் சொன்னார்கள், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

மதினி கொழுந்து எடுத்துக்கொண்டே, பக்கத்து நிரையில் நின்ற ரெங்கம்மா அக்காவிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறார், தன் வழக்கமான குரலில். “தொரைக்குத் தல ஒரு பக்கமாச் சாஞ்சிருச்சு. எந்திரிக்க முடியல. பதுளைக்குத் தூக்கிட்டுப் போனோம். டாக்டரு பொழைச்சாத்தான் உண்டுங்கிறாரு.” மேல் மலையில் வேறு லயத்துப் பெண்கள். முயல் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. துரையோ அன்று பண்டாரவளையில் ஏதோ கூட்டம் என்று காலையிலேயே போய்விட்டார், போனையும் அணைத்து வைத்திருந்தார். ஆளையும் காணோம், போனும் எடுக்கவில்லை. பிறகென்ன, துரைக்கு வாதம் அடித்துவிட்டது என்று மலை முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

மத்தியானம் மதினி கணக்கப்பிள்ளையிடம் போய், “ஐயா, தொரைக்கு மருந்து குடுக்கணும், போயிட்டு ஓடியாந்துர்றேன்” என்றார். அவர் காதுக்கும் அதற்குள் செய்தி வந்திருந்தது. துரைக்கு இந்தம்மா ஏன் மருந்து கொடுக்க வேண்டும் என்று அவர் ஒரு நிமிடம் யோசித்திருப்பார். பங்களாவிலிருந்தே ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டார். “போங்கம்மா, போங்க. நல்லாப் பாத்துக்குங்க. தொரை நல்ல மனுசன்” என்று சொல்லி, கூடையைத் தானே வாங்கி வைத்தாராம். மதினிக்கு ஆச்சரியம். ஒரு முயலுக்காக இந்த மனுஷனுக்கு இவ்வளவு இரக்கமா என்று நினைத்துக்கொண்டே சரிவில் இறங்கி ஓடியிருக்கிறார்.

பொழுதுபட, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால் ஜீப் வந்து நின்றது. துரை இறங்கினார். கோயிலில் அவர் பெயருக்கு அர்ச்சனை நடந்திருக்கிறது, பங்களா வாசலில் ஆட்கள் நின்று கண் கலங்கியிருக்கிறார்கள். நுவரெலியாவிலிருந்து அவர் மாமியார் அழுதுகொண்டே போன் செய்திருக்கிறார். துரை சிங்களவர், தமிழ் ஓரளவு பேசுவார்.

“யார் சொன்னது, எனக்கு வாதம் வந்தது?”

மடுவத்தில் எல்லாக் கண்ணும் மெதுவாக மதினி பக்கம் திரும்பின. மதினிக்குக் கேள்வி சரியாக விழவில்லை. தலையைச் சாய்த்து, வலது காதைக் கொடுத்து, ஒரு அடி முன்னால் வந்தார். கணக்கப்பிள்ளை வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேள்வியை விளக்கினார்.

“அது நீங்க இல்லீங்க” என்றார் மதினி. “எங்க மொசலு.”

“முயலுக்கு என் பேரா?”

“ஒங்க பேரு எனக்குத் தெரியாதுங்களே. அதுக்குத் தொரைன்னு பேரு.”

“ஏன் துரை?”

மற்றவர்களாக இருந்தால் எதையாவது சொல்லி மழுப்பியிருப்பார்கள். மதினிக்கு மழுப்பத் தெரியாது. “வெள்ளையா இருக்குங்க. கதிரைய விட்டு எறங்காதுங்க” என்றார்.

எங்கள் துரை கறுப்பு. வெயிலில் மலை மலையாக நடந்து இன்னும் கறுத்தவர். தன் சட்டைக் கையையும் சேறு படிந்த சப்பாத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாராம். பிறகு அவருக்கே சிரிப்பில் வாய் கோணியது.

“இப்ப எப்படி அந்தத் துரைக்கு?”

“பொழைச்சிருங்க. பொழைக்க வைப்பேன். மத்தியானம் மத்தியானம் மருந்து குடுக்கணும், அதுக்கு மட்டும் போக விடச்சொல்லுங்க. கொழுந்து கொறையாது, நான் பொறுப்பு.”

துரை கணக்கப்பிள்ளையைப் பார்த்து, போக விடு என்பதுபோலக் கையை அசைத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். அதற்குப் பிறகு மதினியைத் தடுக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. தொரைக்கு மருந்து கொடுக்கக்கூடாது என்று எந்தக் கணக்கப்பிள்ளை வாயால் சொல்லுவார்?

அப்படித்தான் தினமும் நடந்தது. மத்தியானச் சங்கு ஊதினால் மதினி மலையிலிருந்து இறங்கி ஓடிவருவார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து, ஈரத்தைத் துடைத்து, அதிலேயே தொரையைச் சுற்றிக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொள்வார். முதலில் மருந்து, பிறகு அம்மியில் அரைத்த கூழ். பாதி தொரையின் மோவாயில் வழியும், பாதி மதினியின் கையில் வழியும். துடைத்துவிட்டு மறுபடி ஊட்டுவார். தான் ஒரு வாய் தின்றாரா என்று யாரும் பார்த்ததில்லை. உடனே மலைக்கு ஓட வேண்டும். சொன்னபடியே கொழுந்தும் குறையவில்லை. எனக்கு இந்த மாதிரி வீம்பு பிடித்த ஆட்களோடு ஒத்துப்போகாது, இருந்தாலும் சொல்கிறேன், அந்த நாட்களில் மதினியைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

கொஞ்ச நாளில் கண் துடிப்பது நின்றது. உருளுவது குறைந்தது. அண்டை கொடுத்த துணியில் சாய்ந்துகொண்டு நிற்கவும் பழகியது. தானாக வாயை அசைத்துத் தின்னத் தொடங்கியதும் மதினி விருந்தே வைத்தார். சர்க்கரைவள்ளி என்கிற வத்தாளங்கொடியின் நுனி, கரட் இலையில் நடுக்குருத்து, கோவா முட்டைக்கோசின் உள் இலை, ஆற்றோரப் புல்லில் இளந்தளிர். தேயிலை மட்டும் வேண்டாமென்று டாக்டர் சொல்லியிருந்தார், இல்லாவிட்டால் இரண்டிலையும் மொட்டுமாக அதையும் கொடுத்திருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தொரை தின்னவில்லை. வாய்க்குள் வைத்தாலும் அப்படியே கிடந்தது. பெட்டிக்குள் ஒரு புழுக்கை இல்லை. வயிறு உப்பிக் கல்லாக இருந்தது. காதைத் தளரப் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் ஒடுங்கிவிட்டது. மதினி பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் வாசற்படியில் நின்றேன். அண்ணன் வழக்கம்போல இடது பக்கம் முக்காலியைப் போட்டார். இந்தத் தடவை அவர் குரலில் கிண்டலோ எரிச்சலோ இல்லை.

“விட்டுரு விஜயா. நீ செய்யவேண்டியதச் செஞ்சிட்ட. அது பாட்டுக்குப் போகட்டும்” என்று மெதுவாகச் சொன்னார்.

மதினி திரும்பாமலே பதில் சொன்னார்.

“கேட்டுச்சு.”

அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது.

“இத்தன வருசமா அந்தப் பக்கம் ஒக்காந்து நீங்க சொன்னது ஒண்ணும் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? சொவத்துல கண்ணாடி தொங்குது. ஒங்க வாயி அசையிறது தெரியுது. உப்பு, என் தம்பி, எல்லாந் தெரியும். காது ஒண்ணு இல்லன்னு ஆள் பாதின்னு ஆயிருமா? விடமாட்டேன். கொழுந்தனாரே, டாக்டருக்குப் போன் போடுங்க.”

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். அந்தச் சின்னக் கண்ணாடி அவர் முகம் மழிப்பதற்காக அவரே மாட்டிவைத்தது.

ஞாயிறு என்றும் பாராமல் டாக்டர் ஜுமானா வரச்சொன்னார். ஊசி போட்டு, வயிற்றை மெல்ல வருடிக்கொண்டே, என்ன தின்னக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். மதினி நிமிர்ந்து உட்கார்ந்து, வத்தாளங்கொடியிலிருந்து எல்லாவற்றையும் ஒப்பித்தார். கேட்கக் கேட்க டாக்டரின் கை நின்றுவிட்டது.

“எல்லாமே குருத்தா?”

“பின்ன? முத்தலக் கையால தொடமாட்டேங்க நான்.”

“அக்கா, முயலுக்கு முத்தல்தான் சாப்பாடு. நாரு போனாத்தான் அதோட வயிறு அசையும். ஒடம்புக்கு முடியாத நேரத்துல வெறும் கொழுந்தாக் குடுத்தா வயிறு நின்னுரும். முத்தின கினியாப் புல்லு, காஞ்ச புல்லு, அதக் குடுங்க. கூழுலயும் அதையே அரைச்சுச் சேருங்க.”

மதினிக்கு நம்ப முடியவில்லை. வலது காதை இன்னும் கிட்டக் கொண்டுபோய் மறுபடி சொல்லச் சொன்னார். பிறந்ததிலிருந்து அவர் கேட்டதெல்லாம் முத்தல் ஆகாது என்பதுதான். முத்தல் எடுத்தால் திட்டு, முத்தல் எடுத்தால் கூடையைக் கொட்டுவார்கள். அம்மா எடுத்தது கொழுந்து, அம்மாவின் அம்மா எடுத்தது கொழுந்து. நல்லது என்றால் கொழுந்து என்று இருந்த மனுஷி, இருப்பதிலேயே நல்லதைத்தான் கொடுத்திருக்கிறார். வண்டியில் வரும்போது ஒரே ஒரு தடவை மட்டும், “நானே கொன்னுருப்பேன்” என்றார். நான் ஹோர்னை அடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆற்றோரம் புல் பிடுங்கப் போனார். நானும் கூடப் போனேன். கினியாப் புல் ஆள் உயரத்துக்கு நின்றது. மதினி கையை நீட்டினார். விரல்கள் தாமாக நுனிக்குப் போய், தளிரை மட்டும் கிள்ளிக் கூடையில் போட்டன. மதினி அதைப் பார்த்தார், கூடையைக் கவிழ்த்தார். மறுபடி கையை நீட்டினார். மறுபடியும் தளிர்தான். இத்தனை வருஷம் பழக்கிய விரல், ஒரு நாளில் சொன்ன பேச்சுக் கேட்குமா? தன் கையைத் தானே ஓர் அடி அடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முயல் விழுந்தபோதும் வராத தண்ணீர்.

அப்போது பின்னால் அண்ணன் வந்து நின்றார். அவர் கையில் பழைய கவ்வாத்துக் கத்தி. பெக்டரிக்குப் போவதற்கு முன்னால் மலையில் தேயிலைச் செடியைக் கத்தரித்து வெட்டுகிற கவ்வாத்து வேலைதான் அவருக்கு. வருஷக்கணக்காகக் கூரையில் செருகிக் கிடந்த அந்தக் கத்தியை எடுத்து, துரு போகத் தீட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“கைய நம்பாத. கத்திக்குக் கொழுந்து, முத்தல் தெரியாது” என்றார். குனிந்து அடியோடு ஒரு பிடி அறுத்துக் கூடையில் போட்டார். மதினி கத்தியை வாங்கிக்கொண்டு மீதியைத் தானே அறுத்தார்.

அன்று பொழுதுபடுகிறவரைக்கும் முத்தல் புல்லை இடித்து அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டி, வயிற்றை வருடிக்கொண்டே இருந்தார். மறுநாள் காலை நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது மதினி ஓடிவந்து என் முகத்துக்கு நேரே உள்ளங்கையை நீட்டினார். கொட்டைப்பாக்கை வைத்துக் காட்டுவதுபோல, அதில் உருண்டையாக ஒரு புழுக்கை.

“போட்டுருச்சு கொழுந்தனாரே.”

வாயில் பற்பசையோடு கும்பிட்டு வைத்தேன். அந்த வாரம் முழுக்க மடுவத்தில் துரை ஜீப்பை நிறுத்தி, “துரைக்கு எப்படி?” என்று கேட்டார் என்றும், மதினி எல்லார் முன்னாலும் இந்தப் புழுக்கை விவரத்தைச் சொன்னார் என்றும், துரை அதன்பிறகு கேட்கும்போது கொஞ்சம் தூரத்தில் நின்றே கேட்டார் என்றும் சொல்கிறார்கள்.

மருந்து முடிகிறவரை ஒரு வேளையும் தவறவில்லை. கடைசித் தடவை பதுளைக்குப் போகும்போது அண்ணன் தானாகவே வந்து வண்டியில் ஏறினார். டாக்டர் காதைப் பார்த்தார், தரையில் விட்டு நடக்கவைத்தார். தொரை தலையைச் சாய்த்துக்கொண்டே நேராக ஓடியது, மேசைக்காலைச் சுற்றி வந்தது.

“கிருமி போயிருச்சு அக்கா. நல்லாப் பாத்திருக்கீங்க. ஆனா தல இதுக்கு மேல நேராகாது. இடது காதும் கேக்கும்னு எனக்குத் தோணல.”

“திங்குமா? ஓடுமா?”

“எல்லாம் செய்யும்.”

“அப்பச் சரி. அது போதும்” என்றார் மதினி.

“ஒண்ணே ஒண்ணு. இனிமே அந்த இடது பக்கமாப் போய்த் திடீர்னு தொடாதீங்க, பேசாதீங்க. கேக்காது, பயந்துரும். கேக்குற பக்கமா வாங்க. அதுக்கு நிம்மதியா இருக்கும்.”

மதினி தலையாட்டினார். அண்ணன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து வாசலில் விட்டதும் தொரை தன் நாற்காலிக்கு நேரே போனது. தாவியது, விழுந்தது. மதினி தூக்கிவிடப் போகவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மறுபடி தாவியது, மறுபடி விழுந்தது. அடுத்த தடவை முன்கால் பிடித்துக்கொண்டது. ஏறி உட்கார்ந்து, ஒரு காதை நிமிர்த்தி ஒரு காதைத் தொங்கவிட்டு, தலையைச் சாய்த்து எங்கள் எல்லாரையும் பார்த்தது.

மதினி வாசற்படியில் உட்கார்ந்து புல்லை ஆய்ந்துகொண்டிருந்தார். அண்ணன் ஒரு பிடி கினியாப் புல்லை எடுத்தார். நாற்காலியைச் சுற்றிப் போய், தொரையின் வலது பக்கமாக நின்று, “இந்தா” என்று சொல்லி நீட்டினார். அது இழுத்துத் தின்றது. பிறகு உள்ளே போய் முக்காலியை எடுத்துவந்தார். பழக்கத்தில் இடது பக்கம் வைத்தார். மறுபடி தூக்கினார், மதினியைச் சுற்றி நடந்துபோய் வலது பக்கம் வைத்து உட்கார்ந்தார்.

“சாயத்தண்ணி இருக்கா?” என்று தேநீர் கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து பேசிப் பழக்கமில்லாததால் லயத்துக்கே கேட்கும்படி கேட்டுவிட்டார்.

மதினி புல்லைக் கீழே வைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏன் கத்துறீங்க?” என்றார். “எனக்கு இந்தக் காது நல்லாக் கேக்கும்.”